நாலு பேர், ஒரே குரல்

1

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரர், மகள் எல்லோரும் சுகம்தானே. இங்கே நான் இருக்கிறேன். முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு, கோபம் போன மாதத்தைவிட அதிகம். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஃபோனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வேலை நேரம் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டுக்கு வந்ததும் ஃபோனைத் தொடவே பிடிப்பதில்லை. அதோடு, நீ ஃபோனில் 'சரி அண்ணி, சரி அண்ணி' என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நடுவில் நான் மூக்கைச் சிந்தினாலும் உனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் மறுபடியும் வந்து என் உயிரை வாங்கினார். உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கம்பெனிக்குத் தலைமை என்று ஒன்று கிடையாது, எல்லாக் காகிதமும் உங்கள் மேஜைக்கே வருகிறது, நாளைக்கு நீங்களும் படுத்துவிட்டால் இங்கே வேலை பார்க்கிற அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும் என்றார். எனக்கு நாள் குறித்துவிட்டு வந்தவர் மாதிரியே பேசினார். ஆனால் சொன்னது நியாயம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டை நாம்தான் பார்த்துக்கொள்கிறோம். அதில் தினமும் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள். சின்னத் தப்பு நடந்தாலும் அது உயிர் சமாச்சாரம். அவசர அழைப்பு மேஜையில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிய அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியை ஓட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

உன் அண்ணன் ஒற்றை ஆளாக எத்தனை வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் வெளிச்சமானது. களப்பணி, பாதுகாப்பு, கணக்கும் கொள்முதலும், வாடிக்கையாளர். இந்த நாலுக்கும் நாலு தலைவர்களை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நம் ஒப்பந்தப்படி, தலைமைக்கு ஆள் எடுத்தால் பங்குதாரர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பங்கு உன்னுடையது. அதனால்தான் ஒவ்வொன்றாக உனக்கு எழுதுகிறேன்.

நீ இங்கே இருந்திருந்தால் பாதுகாப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்து லிஃப்ட்டில் பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்றுகிறவரை நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னாய். உன் அண்ணன் ஒட்டுவேலை செய்து ஓட்டலாம், பார்த்துக்கலாம் என்றார். நீ விடவில்லை. எல்லோர் முன்னாலும் 'பயமா இருந்தா வீட்ல இரு' என்று அவர் உன்னைச் சொன்னது தப்பு. அன்றைக்கே வீட்டில் வைத்து அதை அவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நீ மறு மாதம் விமானம் ஏறினாய். ஆறு வருஷம் ஓடிவிட்டது. நீங்கள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இருந்ததில் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்தான்.

சரி, ஆள் எடுக்கிற கதையைக் கேள். வருகிறவர்கள் எல்லோரும் பளபளப்பான ஃபைலோடு வருகிறார்கள். வாயைத் திறந்தால் மணி மணியாகப் பேசுகிறார்கள். மேஜைக்கு எதிரே உட்கார வைத்தால் யார் சரக்கு, யார் வெறும் பாக்கெட் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் என் வழியில் ஒரு சோதனை வைத்தேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க உன் அண்ணன் பின்பக்கக் கொட்டகையில் ஒரு பயிற்சி லிஃப்ட் வைத்தாரே, ஒரே ஒரு மாடி ஏறி இறங்குமே, அதற்குள் ஆளை அனுப்புகிறேன். பாதி வழியில் நிறுத்தி, விளக்கை அணைக்கச் சொல்லிவிடுகிறேன். பிறகு என் மேஜையில் இருந்து இன்டர்காமில் பேசுகிறேன். எப்படி இருக்கீங்க, இப்ப என்ன செய்யப்போறீங்க, இப்படி நாலு வார்த்தை. குரலைக் கேட்டால் எனக்கு ஆள் தெரிந்துவிடும். மாட்டிக்கொண்ட இடத்தில் கத்துகிறவன், கெஞ்சுகிறவன், அடுத்தவரைத் திட்டுகிறவன், நமக்கே தைரியம் சொல்கிறவன் என்று எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்.

ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு நேர்காணல் கிடையாது மேடம் என்றார். உலகத்தில் எந்தக் கம்பெனியையும் நான் நடத்தவில்லையே என்றேன்.

களப்பணிக்கு ஒருவர் தேறிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்தவர். ஆள் நெட்டை, அதனால் நான் அவரை நெட்டையர் என்றே சொல்கிறேன். இருட்டுக்குள் அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அவசரம் இல்லை, படபடப்பு இல்லை. 'ஒண்ணுமில்ல மேடம், பார்த்துக்கலாம்' என்றார். எனக்கு ரிசீவரைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. இன்னும் இன்னும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொட்டகையில் நின்ற எலக்ட்ரீஷியன் நேரில் வந்து, விளக்கைப் போடட்டுமா மேடம், அவர் உள்ள போய் ரொம்ப நேரமாச்சு என்று கேட்டார். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

நெட்டையரின் நியமனத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. மகளுக்கு அத்தையின் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி

2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கையெழுத்து வந்தது. கூடவே 'உங்க இஷ்டம் அண்ணி' என்று ஒரே ஒரு வரி. ஒரு ஃபர்லாங் நீளத்துக்கு நான் எழுதினால் நீ தபால்தலை அளவுக்குப் பதில் போடுகிறாய். இருக்கட்டும், நீ சிறு வயதிலிருந்தே கஞ்சப்பிசினாரி.

நாலு நாற்காலிக்கும் ஆள் கிடைத்தாயிற்று. வாடிக்கையாளர் பக்கத்துக்கு வந்திருப்பவர் ஒரு பெரிய கடையில் மேலாளராக இருந்தவர். வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவார். கோபமாக வருகிற ஆள்கூட எதற்கு வந்தோம் என்பதை மறந்து அவரோடு சேர்ந்து சிரிக்கிறார். அவரைச் சிரிப்புக்காரர் என்று வைத்துக்கொள். கணக்குக்கு ஒரு அம்மா. உதட்டை அசைத்து அசைத்து மனக்கணக்குப் போடுகிறாள், கால்குலேட்டர் பக்கத்திலேயே தூங்குகிறது. பாதுகாப்புக்கு வந்தவர் எப்போதும் வெள்ளைச் சட்டை. பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவார். முதல் தரம் இன்டர்காமில் அந்தச் செருமலைக் கேட்டபோது என் கையில் இருந்த டீ சிந்திவிட்டது. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

நாலு பேருமே இருட்டுக்குள் கலங்காதவர்கள். இப்போது அலுவலகத்துக்குள் நுழைந்தாலே ஒரு நிம்மதி. வராந்தாவில் நடக்கும்போது ஒரு அறையிலிருந்து சிரிப்பு, இன்னொரு அறையிலிருந்து செருமல். நெட்டையர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிக்கட்டில் இறங்குகிறார். ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த இடம் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு என் நாற்காலியில் சும்மா அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒற்றை வரியைச் சொல்லிப் போன வாரம் ஃபோனில் நான் குறைப்பட்டுக்கொண்டதும், நீ ஒரு கேள்வி கேட்டாய். எடுத்தது சரி அண்ணி, வேண்டாம்னு அனுப்பினது யார் யாரை என்று. எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆறு வருஷமாகத் தள்ளி நின்றுவிட்டு, கேட்கிற முதல் கேள்வியே குற்றம் கண்டுபிடிக்கிற கேள்வியா என்று நினைத்தேன். அதனால்தான் சமையல் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

இப்போது சொல்கிறேன். நிறைய பேரை அனுப்பினேன், பெரும்பாலும் இருட்டில் உளறியவர்கள். ஒருத்திதான் சொல்லத் தகுந்த ஆள். அரசாங்கத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து வெளியே வந்தவள். படிப்பு, அனுபவம் எல்லாவற்றிலும் வெள்ளைச் சட்டைக்காரரைவிட ஒரு படி மேல். பாதுகாப்புக்கு இவள்தான் என்று ஆடிட்டர் ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் உள்ளே போட்டு விளக்கை அணைத்ததும், 'கதவைத் திறங்க' என்றாள். நான் ஏதோ கேட்டேன். 'அதெல்லாம் வெளிய வந்து பேசலாம், மொதல்ல கதவைத் திறங்க' என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சே இல்லை. வெளியே வந்ததும் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருட்டைக் கண்டு பயப்படுகிறவளைப் பாதுகாப்புக்கு எப்படி வைப்பது, நீயே சொல்.

வேறு ஒரு சங்கடமும் இருக்கிறது. அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்து லிஃப்ட்டின் அழைப்பு விளக்கு என் மேஜையில் அடிக்கடி தானாக எரிகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. பொத்தான் உள்ளே சிக்கிக்கொள்கிறது, பழைய லிஃப்ட்தானே என்கிறார்கள். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நான் உடனே வைத்துவிடுவதில்லை.

உன் அண்ணன் கடைசியாகப் பேசியது அந்த லிஃப்ட்டுக்குள்ளிருந்துதான். அதை நீ என்னிடம் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. நீ சாவுக்கு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாய். எனக்கும் உன்னைப் பிடித்து உட்கார வைத்துப் பேசத் தெம்பில்லை. அவர் பிரேக்கைச் சோதிக்கத் தனியாகப் போயிருந்தார். விளக்கு எரிந்தது, எடுத்தேன். 'கொஞ்சம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு' என்றார். வலிக்குதா, எங்க வலிக்குது என்று கேட்டேன். 'ஒண்ணுமில்ல, பார்த்துக்கலாம்' என்றார். கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் ஆம்புலன்ஸையும் அழைத்து, பக்கத்துத் தெருவில் இருந்த நம் ஆட்களையும் அனுப்பிவிட்டேன். அவர்கள் போய்க் கதவைத் திறக்கிறவரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

எழுதிவிட்டேன். கிழிக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மூன்று நியமனமும் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போடு. உனக்கு எந்தக் குறையும் வராது, நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அண்ணி

3

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் அனுப்பிய மூன்று நியமனத்திலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வை. போட்டிருந்தாலும் அனுப்பாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய். நடுவில் எழுந்து போகாதே.

நீ கையெழுத்துப் போடுவாய் என்ற தைரியத்தில், நாலு பேரையும் வைத்து முதல் கூட்டத்தை நடத்திவிட்டேன். உன் அண்ணன் உட்காரும் இடத்தில் நான். எதிரே நெட்டையரும் சிரிப்புக்காரரும், பக்கத்தில் கணக்கு அம்மாவும் வெள்ளைச் சட்டைக்காரரும். டீ வந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி விஷயமாக அந்தப் பதினாலு மாடிக் கட்டடம் வந்தது. பிரேக் மறுபடியும் தேய்ந்துவிட்டது, உதிரிபாகம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை நிறுத்தலாமா என்று மெக்கானிக் எழுதிக் கேட்டிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், மேல் மாடிகளில் வயசானவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தார்.

சிரிப்புக்காரர் பாதி வாக்கியத்திலேயே சிரித்துவிட்டு, அவங்க நம்ம பழைய கஸ்டமர் மேடம், பார்த்துக்கலாம் என்றார். கணக்கு அம்மா உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாசம்தானே, பார்த்துக்கலாம் என்றாள். நெட்டையர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் உருட்டிக்கொண்டே, ஒட்டுவேலை செஞ்சு ஓட்டலாம் என்றார். வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு தரம் செருமினார். எனக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது முன்பே தெரிந்துவிட்டது. சொன்னார்.

சின்னவளே, அந்த அறையில் அப்போது நாலு பேர் இல்லை. ஒருத்தர்தான் இருந்தார். சிரிப்பு அவருடையது, உதடு அவருடையது, பென்சில் அவருடையது, செருமல் அவருடையது. ஆறு வருஷத்துக்கு முன் அதே மேஜையில் அதே லிஃப்ட்டுக்கு அவர் சொன்ன அதே பதில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் என்று சொல்லமாட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் நான் விட்டதே இல்லை என்பது உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் எத்தனை சண்டை. அன்றைக்கு அவருக்குக் குறுக்கே பேச எனக்கு வாய் வரவில்லை. பேசினால் அவர் மறுபடி எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. சரி, ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் உன் கேள்வி மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. வேண்டாம்னு அனுப்பினது யாரை. ஆடிட்டரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அந்த இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, செங்குத்தான படி, என் முழங்கால் என்னைச் சபித்தது. அவள் கூடத்தில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மரியாதை தெரிந்தவள்.

இருட்டுன்னா உனக்கு அவ்வளவு பயமா என்று கேட்டேன். சிரித்தாள். இருபது வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள டார்ச் வெச்சுக்கிட்டு இறங்கி ஏறினவ நான், இருட்டு எனக்குப் பழகின விஷயம் மேடம் என்றாள். பின்னே ஏன் அப்படிக் கதவைத் திறக்கச் சொன்னாய் என்றேன். திருகாணிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு கேட்டாள், நீங்க என்கிட்ட என்ன கேட்டீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா மேடம் என்று.

எப்படி இருக்கீங்க, என்ன செய்யப்போறீங்க, அதுதானே என்றேன்.

இல்ல மேடம் என்றாள். எடுத்ததுமே, வலிக்குதா, எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க. எனக்கு வலி ஒண்ணும் இல்லைன்னேன். மறுபடி, நெஞ்சுலயா வலிக்குதுன்னு கேட்டீங்க. ஆள் அனுப்பியிருக்கேன், ஃபோனை வெச்சிடாதீங்க, பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க. நீங்க என்கிட்ட பேசலைன்னு எனக்குப் புரிஞ்சது. யார்கிட்டன்னு தெரியல. வெளிய வந்து உங்களைப் பார்க்கணும்னு தோணுச்சு, அதனால கதவைத் திறக்கச் சொன்னேன் என்றாள்.

பொய் என்று சொன்னேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்து, கொட்டகைக்குப் போய் எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். அவருக்கு அங்கே ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லார்கிட்டயும் அதைத்தான் மேடம் கேட்டீங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டோம் என்றார். சிலர் பயந்து உளறினார்களாம். சிலர் எனக்கு நெஞ்சு வலியெல்லாம் கிடையாது என்று உடல்நலத்தை விளக்க ஆரம்பித்தார்களாம். 'ஒண்ணுமில்ல மேடம், பார்த்துக்கலாம்' என்று சொன்னவர்கள் இந்த நாலு பேர்தான். அவர்களைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.

தலைமைக்கு ஆள் எடுக்கிறேன் என்று ஒரு வருஷம் கழித்து நான் செய்த காரியம் இது. போனவரைத் துண்டு துண்டாகத் தேடிப் பிடித்து மேஜையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறேன். அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல முன்பு நீ இருந்தாய். நீ போன பிறகு வீட்டிலாவது நான் இருந்தேன். இப்போது அந்த அறையில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. நான் அன்றைக்குச் சொன்ன சரியை நம்பி, மேல் மாடி வயசானவர்கள் அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையிலிருந்து அப்படியே கிளம்பிக் கட்டடத்துக்குப் போனேன். கீழே ஒரு அம்மா காய்கறிப் பையோடு லிஃப்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டி கீழே வந்து காலியானதும் காவலாளியை வைத்து மின்சாரத்தை நிறுத்தி, அறிவிப்புப் பலகையை நானே மாட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் செய்தேன்.

அதற்குப் பிறகு வாங்கிய வசவை எழுத இந்தத் தாள் போதாது. செயலாளர் என் வயசைக்கூடப் பார்க்காமல் கத்தினார். காய்கறிப் பை அம்மா பதினோராம் மாடிக்கு என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள், குரல் மாடிக்கு மாடி தேய்ந்துகொண்டே போனது. நாலு தலைவர்களும் ஓடி வந்தார்கள். நெட்டையர் நேராக மேலே மெஷின் ரூமுக்கு ஏறிப் போனார். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பிரேக்கில் பிடிக்கிற பாகமே மிச்சமில்லை மேடம், நேத்தே நான் ஏறிப் பார்த்திருக்கணும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் விடமாட்டேன். உன் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் அவர் வேறு மனிதர் என்று முதல் தரமாக எனக்கு உறைத்தது.

நாலு பேரையும் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். உங்களை எதற்காக எடுத்தேன் என்பதையும் சொன்னேன். கணக்கு அம்மா அழுதாள். சிரிப்புக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் என் வேலையைத் தெரிஞ்சவன்தான் மேடம், இருந்து காட்டுறேன் என்றார். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும், என் பிரிவில் என்னைக் கேட்காமல் கை வைத்தால் நான் எதற்கு என்று கேட்டுவிட்டு அன்றே விலகிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் செருமலுக்கு நான் ஏங்கினதற்கு அவர் என்ன செய்வார். அவர் போன அறையை இரண்டு நாள் நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாதுகாப்புக்கு அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கேட்டேன். இரண்டு நிபந்தனை போட்டாள். ஒரு லிஃப்ட்டை நிறுத்து என்று அவள் சொன்னால் அதை ஓட்டச் சொல்ல எனக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டாவது, அந்தப் பயிற்சி லிஃப்ட்டில் இனி யாரையும் அடைக்கக்கூடாது, நான் அவசர மேஜையில் உட்காரக்கூடாது. இரண்டாவதைக் கேட்டதும் கையில் இருந்த காகிதத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவளும் எழுந்து போகவில்லை. ஒத்துக்கொண்டேன். அந்த மேஜைக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனாலும் நான் வராந்தாவில் போகும்போது அந்தப் பக்கம் விளக்கு எரிகிறதா என்று கண் தானாகப் போகிறது.

அதனால், பாதுகாப்புக்கான பழைய நியமனத்தைக் கிழித்துப் போடு. இதோடு புதியது வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் நீ ஒவ்வொன்றாக யோசித்து, சந்தேகம் இருந்தால் அவர்களிடம் நீயே பேசிவிட்டுப் போடு. என்னை நம்பிப் போடாதே. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்று. நீ போன பிறகு அந்த லிஃப்ட்டைச் சோதிக்க உன் அண்ணன் வேறு யாரையும் அனுப்பியதே இல்லை. எத்தனை வேலை இருந்தாலும் அவரேதான் போவார். காய்ச்சலோடுகூடப் போனார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார். நீ சொன்னது சரி என்பதை அவர் வாயால் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்த லிஃப்ட்டில் வேறு ஒருத்தர் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. கோபப்பட்டாலும் அது நியாயம்.

வசவெல்லாம் ஓய்ந்த பிறகு சங்கத்தில் கூட்டம் போட்டுப் புது லிஃப்ட் வைக்கத் தீர்மானித்துவிட்டார்கள். பழைய பெட்டியை அடுத்த மாதக் கடைசியில் கழற்றி இறக்கி, வெட்டி எடுத்துப் போகப்போகிறார்கள். நம் ஆட்கள்தான் செய்கிறார்கள். நான் அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இது முடிந்ததாகவே ஆகாது.

நீ ஒரு தரம் வா. கம்பெனிக்காக வர வேண்டாம், கூட்டத்தில் உட்கார வேண்டாம், அந்த அறைக்குள்கூட நுழைய வேண்டாம். உனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்றால் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுத் திரும்பிப் போ. அவர்கள் பெட்டியைத் தொடும் முன் அதன் கதவைத் திறக்கச் சொல்கிறேன். நீ முதலில் போய் உள்ளே பார். நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, அங்கே யாரும் இல்லை அண்ணி என்று என்னிடம் சொல். வேறு யார் சொன்னாலும் எனக்குப் போதாது. நீ சொன்னால் நம்புவேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் நீண்ட நாள் நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணி